பேரிகை முனிலட்சுமி கடலில் போன பதினான்கு நாள்

முனிலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் இருபத்து நான்கு வருஷம் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் கழிந்துவிட்டது. மிளகு, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் மூட்டையாக வந்து இறங்கி, பொடியாகவும் எண்ணெயாகவும் வெளிநாட்டுக்குப் போகும் கம்பெனி அது. காலை ஷிப்ட் என்றால் அவள் ஊரான பேரிகையில் ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். மத்தியானம் திரும்பும்போதும் தூக்கம்தான். போகவர அந்த ரோட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சரியாகச் சொல்ல வராது.

பிளஸ் டூ முடித்து ரெண்டு வருஷம் கழித்து சரக்குப் பொறுக்கும் டேபிளில்தான் சேர்ந்தாள். பூச்சி விழுந்தது, கறுத்தது, கல், குச்சி எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். மூக்கு அவளுக்கு நல்ல மூக்கு. மூட்டை வாயைப் பிரிக்கும்போதே, "இது ஈரம் பட்ட சரக்கு சார்" என்பாள். டெஸ்ட் பண்ணிப் பார்த்தால் அப்படியே இருக்கும். பத்து வருஷம் கழித்து லேபுக்கு மாற்றினார்கள். டிகிரி இல்லாததால் ஹெல்பர் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. லேபுக்குப் புதிதாக வரும் கெமிஸ்ட்டுகளுக்கு எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்லிக் கொடுப்பது அவள்தான்.

கணவன் ஆஞ்சப்பன் ஒரு பவுண்டரியில் இருக்கிறான். மகன் தினேஷ்குமார் ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகப் போகிறான். வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட். ஒருத்தர் சாப்பிடும்போது ஒருத்தர் தூங்குவார், ஒருத்தர் கிளம்பிக்கொண்டிருப்பார். முனிலட்சுமி மூன்று பேருக்கும் மூன்று தடவை அடுப்புப் பற்றவைப்பாள்.

போன வருஷம் ஐரோப்பாவுக்குப் போன ஜாதிக்காய்ப் பொடி ஒரு கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்தது. பூஞ்சணம் பிடித்த காயில் ஒரு நச்சு உண்டாகும். அது அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இடையில் நாலு கை மாறி வரும் சரக்கு இனி வேண்டாம், மரம் இருக்கும் இடத்துக்கே போய், அங்கேயே டெஸ்ட் பண்ணி வாங்குங்கள் என்று வாங்குகிற கம்பெனி கட்டாயப்படுத்தியது. மரம் இருக்கும் இடம் என்றால் இந்தோனேசியாவில் பண்டா தீவுகள். கெமிஸ்ட் பிரியதர்ஷினிக்கு அப்போது ஏழாம் மாசம். பர்ச்சேஸ் மேனேஜர் குருமூர்த்தி முனிலட்சுமியைக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குதில்லம்மா?"

கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. கண்காட்சி நடக்கவில்லை.

"இருக்குது சார். பீரோல வெச்சிருக்கறன்."

"அப்ப நீங்கதான் வரணும். நானும் வர்றன். பன்னெண்டு நாளு. டெஸ்ட்டு பண்றது மட்டும் உங்க வேலை, பேச்செல்லாம் நான் பாத்துக்கறன்."

வீட்டில் சொன்னபோது ஆஞ்சப்பன் நம்பவில்லை.

"ஒகேனக்கல்லுல பரிசல்ல ஏறமாட்டன்னு கரையிலயே நின்னவ நீ. கடல்ல போவப் போறியா?"

"பன்னெண்டு நாளு சமைக்க வேணாங்க" என்றாள் முனிலட்சுமி. "அங்க போயாச்சும் தூங்கறன்."

அவள் ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை.

மூன்று விமானம் மாறி அம்போன் என்ற ஊரில் இறங்கினார்கள். பெட்டியில் டெஸ்ட் கிட், ஈரம் பார்க்கும் மீட்டர், சல்லடை, ஒரு மிக்ஸி. காயை மாவாக அரைத்தால்தான் டெஸ்ட் பண்ண முடியும். ஏர்போர்ட் அதிகாரி மிக்ஸியை வெளியே எடுத்து, ஜாரைத் திறந்து உள்ளே பார்த்தார். மொழிபெயர்ப்புக்காகக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த யூலி வந்து ஏதோ சொன்ன பிறகுதான் விட்டார். யூலிக்கு முப்பது வயது இருக்கும். அந்த ஊர்ப் பெண். நிதானமாக இங்கிலீஷ் பேசினாள். முனிலட்சுமிக்குத் தெரிந்தது கம்பெனி இங்கிலீஷ். சாம்பிள், மாய்ஸ்சர், ரிஜெக்ட், ஓகே. ஆனால் பொறுக்கும் டேபிளில் கன்னடம், தெலுங்கு, இப்போது ஒடியா, இந்தி என்று எல்லாவற்றிலும் அரை வார்த்தை பேசியே பழகியவள். புரியாத பாஷை அவளைப் பயமுறுத்தவில்லை.

தீவுகளுக்கு வழக்கமாகப் போகும் கப்பல் பழுது பார்க்கப் போயிருந்தது. அதனால் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஒரு மரப் படகை அமர்த்தியிருந்தார்கள். இரண்டு பாய்மரம், ஒரு பழைய என்ஜின். முகப்பில் 'ஸ்ரீ ரெஜெக்கி' என்று எழுதியிருந்ததை யூலி படித்துச் சொன்னாள். படகுக்காரர் லா ஓடே, ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். தீவுகளில் டீசல் கிடைப்பது கஷ்டம், காற்று இருந்தால் பாய்தான், காற்று இல்லாவிட்டால்தான் என்ஜின் என்றார்.

குருமூர்த்தி படகைப் பார்த்தார். முதல் நாள் பெட்டியைத் தூக்கும்போது அவருக்கு முதுகு பிடித்திருந்தது. டாக்டர் படகில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"நான் இங்க ஓட்டல்லயே இருக்கறன். தெனம் போன் பண்றன். நீங்க ரிசல்ட்ட மட்டும் சொல்லுங்க, போதும்."

"தனியாவா சார்?"

"யூலி இருக்காங்கல்ல."

முனிலட்சுமிக்கு அதற்கு மேல் கேட்டுப் பழக்கம் இல்லை. மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

துறைமுகத்தைத் தாண்டியதும் பாய் விரித்தார்கள். அரை மணி நேரத்தில் அவளுக்குக் குமட்டல் எடுத்தது. முதல் தீவுக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் படகின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி கிடந்தாள். வயிற்றில் இருந்தது எல்லாம் போன பிறகும் நிற்கவில்லை. தூங்கலாம் என்று வந்தவளுக்குக் கண்ணை மூடினால் தலை சுற்றியது, திறந்தால் தண்ணீர் சுற்றியது. லா ஓடே ஜாதிக்காய்ப் பழத்தின் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். இனிப்பும் லேசான காரமுமாக இருந்தது. இருபத்து நான்கு வருஷமாக ஜாதிக்காயைக் கையில் பிடித்தவளுக்கு, அதற்குப் பழம் என்று ஒன்று இருப்பதும் அதைத் தின்னலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

முதல் தீவில் இறங்கியபோது தரையும் ஆடியது. துறையிலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தாள். மரங்களைப் பார்த்தாள். உயரமான பெரிய மரங்களின் நிழலில் ஜாதிக்காய் மரங்கள் நின்றன. மஞ்சள் பழம் வெடித்து, உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஜாதிபத்திரி பின்னியிருந்தது. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

வேலை பழகிய வேலை. குவியலில் பத்து இடத்தில் கைவிட்டு எடுக்கவேண்டும். உடைத்து, அரைத்து, மருந்துத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, அதில் குச்சி மாதிரி இருக்கும் ஸ்ட்ரிப்பை வைத்து ஐந்து நிமிஷம் காத்திருக்கவேண்டும். இரண்டு சிவப்புக் கோடு தெரிந்தால் சரக்கு நல்லது. ஒரே கோடுதான் என்றால் நச்சு இருக்கிறது. ஸ்ட்ரிப்பைப் பார்த்ததும் சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளை உண்டா என்று பார்க்கிற குச்சி என்று நினைத்துவிட்டார்கள் என்று யூலி சொன்னாள். முனிலட்சுமியும் சிரித்தாள். ஐந்து நிமிஷம் கழித்து ஒரே கோடுதான் வந்தது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்ததில் காயைத் தரையிலேயே பரப்பி அரைகுறையாகக் காயவைத்திருந்தார்கள். கெட்டுவிட்டது என்று யூலி சொன்னபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு பெண் அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது தீவிலும் ஒரே கோடு. மூன்றாவது தீவில் ஐந்து வீட்டுச் சரக்கைத் தனித்தனியாகப் பார்த்தாள். ஐந்துக்கும் ஒரே கோடு. அங்கே ஒரு கிழவர் மட்டும், "அந்தக் குச்சி டப்பா ஈரத்துல கெட்டுப்போயிருக்கலாம். இன்னொரு குச்சில பாரும்மா" என்று யூலி மூலம் கேட்டார். பார்த்தாள். அதிலும் ஒன்றுதான். சாயங்காலம் குருமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"மூணு தீவும் பெயில் சார்."

"கடைசித் தீவையும் பாத்துட்டு வந்துடுங்க. வெறுங்கையோட போனா எம்.டி. என்னையத்தான் கேப்பாரு."

கடைசித் தீவுக்குப் போகிற வழியில் காற்று நின்றுவிட்டது. என்ஜினில் இருந்த டீசல் திரும்பிப் போவதற்கு வேண்டும் என்று லா ஓடே அதைத் தொடவில்லை. பாய் தொளதொளவென்று தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. குமட்டல் நின்றிருந்தது. செய்ய ஒரு வேலையும் இல்லை. சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம். முனிலட்சுமி பாய் நிழலில் படுத்தாள். ஆனால் தூக்கம் வருவதற்குப் பதில் உடம்பெல்லாம் வலித்தது. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை, கை விரல். ஓடிக்கொண்டே இருந்தபோது தெரியாத வலியெல்லாம் சும்மா கிடந்தபோது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காரணம் எதுவும் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. யூலி பார்த்துவிட்டு, "சிக்?" என்றாள்.

"நோ சிக். டயர்டு" என்றாள் முனிலட்சுமி.

லா ஓடே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையை இவளுக்கும் சொன்னார். யூலி மாற்றிச் சொன்னாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் வேறெங்கும் இந்த மரம் கிடையாதாம். எல்லோரும் இந்தக் காய்க்காகத்தான் கப்பல் விட்டு வந்தார்களாம். கடைசியில் டச்சுக்காரக் கம்பெனி வந்து, தங்களுக்கு மட்டும்தான் விற்கவேண்டும் என்றது. தீவுக்காரர்கள் மற்றவர்களுக்கும் விற்றார்கள். படை வந்தது. பெரும்பாலோர் செத்தார்கள், சிலர் படகில் தப்பி ஓடினார்கள். பிறகு எங்கெங்கிருந்தோ அடிமைகளைக் கொண்டுவந்து தோட்ட வேலைக்கு விட்டார்கள்.

"மரத்த வெட்டலியா?" என்று முனிலட்சுமி கேட்டாள்.

யூலி கேட்டுச் சொன்னாள். "மரம் வேணும். ஆளுங்கதான் வேணாம்."

 முனிலட்சுமியின் அப்பா பேரிகைப் பக்கம் ஒரே வீட்டு நிலத்தில் முப்பது வருஷம் பண்ணையாளாக இருந்தார். நிலம் கை மாறியபோது, "நாளைலருந்து வரவேணாம்" என்று ஒரு வார்த்தையோடு முடிந்தது. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. "அடிமையா வந்தவங்க திரும்பிப் போவலியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க போறது? அவங்க பிள்ளைங்கதான் நீங்க இவ்வளவு நாளா பாத்த ஜனங்க. எங்கள மாதிரி பிற்பாடு வந்தவங்களும் இருக்கறோம்" என்றார் லா ஓடே.

மூன்றாம் நாள் காலையில் காற்று எழுந்தது. மத்தியானத்துக்குள் கடைசித் தீவில் இறங்கிவிட்டார்கள்.

அங்கே முப்பது வீடு ஒரு குழுவாகச் சேர்ந்து சரக்கு வைத்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவி ஹாலிமா. முனிலட்சுமியை விட இரண்டு வயது மூத்தவள். புருஷன் மீன்பிடிக் கப்பலில் போனால் திரும்ப ஆறு மாசம் ஆகும். மேட்டில் ஒரு கொட்டகை. உள்ளே மூங்கில் பரண், அதன்மேல் காய், கீழே விறகு. நெருப்பு எரியக்கூடாது, புகைந்துகொண்டே இருக்கவேண்டும். இரவும் பகலும் முறை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாக ஹாலிமா சொன்னாள்.

"ஷிப்ட்டு" என்றாள் முனிலட்சுமி.

"ஷிப்ட்" என்று ஹாலிமாவும் சொன்னாள். அந்த வார்த்தைக்கு யூலி தேவைப்படவில்லை.

மேடு ஏறும்போது இருவருமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாலிமா தன் வலது காலைத் தட்டிக் காட்டினாள். முனிலட்சுமி இரண்டு காலையும் தட்டிக் காட்டினாள். ஹாலிமா சிரித்தாள்.

ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள் முனிலட்சுமி. ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று ஆடியது. மூக்கருகே கொண்டுபோனாள். டெஸ்ட் பண்ணுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எல்லாக் குவியலிலும் எடுத்தாள். படகிலேயே மிக்ஸி போட்டு, மூன்று தடவை தனித்தனியாகப் பார்த்தாள். மூன்றிலும் இரண்டு கோடு, அழுத்தமாக.

போன் சிக்னல் துறையில் மட்டும்தான் கிடைத்தது. அங்கே நின்று குருமூர்த்தியிடம் சொன்னாள்.

"பாஸ் சார். சுத்தமா இருக்குது. ஈரமும் கம்மி."

"நல்லதாப் போச்சு. இன்னொண்ணு கேளுங்க. பாஸ்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. பார்டர்ல இருக்குது, கம்பெனில கேட்டுத்தான் எடுக்கணும்னு சொல்லுங்க. மூணு தீவு பெயில்னு அவங்களுக்கும் சேதி போயிருக்கும். பயந்துட்டு வெலைல எறங்கி வருவாங்க. மிச்சத்த நான் பேசிக்கறன்."

"சரிங்க சார்" என்றாள் முனிலட்சுமி. இருபத்து நான்கு வருஷமாக அவள் வாயில் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

மேலே கொட்டகை வாசலில் பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோறும் மீனும் ஆக்கி வைத்திருந்தார்கள். ரிசல்ட் தெரியாமல் யாரும் சாப்பிடவில்லை. ஹாலிமா எழுந்து வந்து ஒரே வார்த்தை கேட்டாள். "பகுஸ்?" நல்லதா என்று அர்த்தம். இத்தனை நாளில் முனிலட்சுமிக்கு அது பழகியிருந்தது.

பார்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் நடக்கப்போவது எல்லாம் மனதில் ஓடியது. பார்டர் என்றால் யூலிக்கு விளக்கவேண்டும். யூலி இவர்களுக்கு விளக்கவேண்டும். ஏன் பார்டர், எந்தக் குவியல் பார்டர் என்று ஹாலிமா கேட்பாள். அதற்கு ஒரு பதில். இன்னொரு குச்சியில் பார் என்பாள். அதில் இரண்டு கோடு வந்தால் அதற்கும் ஒரு பதில். அந்தப் பொய்க்கு எவ்வளவோ வேலை செய்யவேண்டும். அதைச் செய்ய அவள் உடம்பில் தெம்பு இல்லை. அநியாயம் என்று முதலில் தோன்றவில்லை. முடியாது என்றுதான் தோன்றியது.

பையிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்து ஹாலிமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு கோடு. பகுஸ்" என்றாள்.

யூலி மாற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஹாலிமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அது கை மாறி எல்லோரிடமும் போனது. முனிலட்சுமி ஒரு தாளில் தேதி, தீவின் பெயர், ஈரத்தின் அளவு எல்லாம் எழுதி, அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து மீனும் சோறும் சாப்பிட்டாள். புறப்பட்ட நாளிலிருந்து அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கொட்டகைச் சுவரில் சாய்ந்தாள். புகை வாசனையில் அப்படியே தூங்கிப்போனாள். மூன்று மணி நேரம் யாரும் எழுப்பவில்லை.

பன்னிரண்டு நாள் என்றது காற்று நின்றதில் பதினான்கு நாளாகிவிட்டது. அம்போனுக்குத் திரும்பி வந்ததும் குருமூர்த்தி கேட்டார்.

"நான் சொன்னாப்பல சொன்னீங்களா?"

"இல்லீங்க சார். பாஸ்னு சொல்லிட்டன்."

"ஏம்மா?"

"முடியல சார்."

அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். விமானத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெங்களூரில் இறங்கியதும் கம்பெனி காரில் ஏறிப் போய்விட்டார். முனிலட்சுமி மிக்ஸியும் பெட்டியுமாக ஓசூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஹாலிமா குழு கேட்ட விலைக்கே கம்பெனி சரக்கை எடுத்தது. சுத்தமான சரக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஒரு மாசம் கழித்து, பொறுக்கும் டேபிளில் ஆள் குறைவு என்று காரணம் சொல்லி முனிலட்சுமியை மறுபடி அங்கே அனுப்பினார்கள். வீட்டில் ஆஞ்சப்பன் கொதித்தான்.

"யூனியன்ல போய்ச் சொல்லு. இத்தன வருசம் லேப்ல இருந்தவள டேபிளுக்கு அனுப்பறதா?"

"நாலு நாளு போவட்டும். இப்ப அங்கயும் இங்கயும் நடக்க என்னால ஆவாது" என்றாள்.

நாலு நாள் எட்டு மாசமானது. முழங்கால் இன்னும் மோசமாயிற்று. பிரியதர்ஷினி பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து, முனிலட்சுமி இல்லாமல் லேபை நடத்தமுடியாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போதும் ஹெல்பர்தான். குருமூர்த்தி இப்போது அவளைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

போன மாசம் யூலியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தினேஷ்குமார் படித்துச் சொன்னான். புதிதாக ஒரு வியாபாரி தீவுக்கு வந்திருக்கிறான். ஹாலிமா முனிலட்சுமி கொடுத்த ஸ்ட்ரிப்பையும் தாளையும் காட்டியிருக்கிறாள். அது போன வருஷத்துச் சரக்கு, வேறு கம்பெனிக் காகிதம், செல்லாது என்று அவன் தள்ளிவிட்டானாம். இந்த வருஷத்துக் காயில் பாதி கெட்டது என்றும் அவனே சொல்கிறானாம். என்ன செய்வது என்று ஹாலிமா கேட்கச் சொன்னாளாம்.

மறுநாள் முனிலட்சுமி லேபில் ஸ்ட்ரிப் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். மருந்துத் தண்ணீர் எவ்வளவு, மாவு எவ்வளவு, எத்தனை நிமிஷம் குலுக்கவேண்டும் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி அதையும் எடுத்தாள். பிரியதர்ஷினி கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குக்கா போட்டோ?"

"ஒருத்தங்களுக்கு அனுப்பணும். இனிமே அவங்களே இந்த டப்பாவ வாங்கிப் பாத்துக்கட்டும். யாரும் போய்ச் சொல்லணும்னு இல்ல."

"யாருக்கு?"

"ஹாலிமான்னு ஒருத்தங்க. ஜாதிக்கா காயவெக்கறாங்க. இங்கிலீஷ்ல எழுதினது சரியான்னு பாரும்மா."

பிரியதர்ஷினி தாளை வாங்கி இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்திக் கொடுத்தாள். முனிலட்சுமி அதைத் திரும்ப எழுதி, திரும்பப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே புது லாரி வந்து நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, சாம்பிள் மேலே வரட்டும் என்று காத்திருந்தாள்.